கட்டை மேல் ஏற்றிய கார்

காலை எட்டு மணிக்குச் சதக்கைப் பிடித்தார்கள். கார் கொட்டகை வாசலில் அவர் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். என் மச்சான் கூத்தையா பின்னாலிருந்து சட்டையைப் பற்றி இழுத்தார். சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, சதக் ஒரு பக்கம் விழுந்தார். கூத்தையாவுடன் வந்த பங்காளிகள் இரண்டு பேர் அவரை வயிற்றில் மிதித்தார்கள். நான் கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றேன். என் மனைவி ராமலெட்சுமி இறந்து அன்று பதினாறாம் நாள்.

காரில் பேட்டரி இல்லாததால் அவள் இறந்தாள். பேட்டரியை வெளியே கொடுத்தவன் நான். சதக் கொடுத்ததாகக் கூத்தையா நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைக்கும்படி சொன்னதும் நான்தான்.

கார் எங்களுடையது அல்ல. பெரியபட்டினத்து அகமது கபீர் முதலாளியுடையது. கொழும்பில் அவருக்கு ஜவுளிக்கடை. நான் மதுரையில் பி.ஏ. முடித்தவன், அவருடைய கடிதங்களை இங்கிலீஷில் எழுதும் வேலை. ஊருக்கு வெளியே அவருடைய தென்னந்தோப்பில் ஒரு வீடு கொடுத்திருந்தார். கல்யாணமானதும் ராமலெட்சுமியைச் சாயல்குடிப் பக்கத்திலிருந்து அங்கே கூட்டி வந்தேன். வீட்டுக்கு எதிரே கார் கொட்டகை. சதக் கார் ஓட்டுகிறவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் கடை விவகாரமாக முதலாளி கொழும்புக்குப் போனார். தைக்குத்தான் திரும்புவேன் என்றார். ஏறக்குறைய ஒரு வருஷம். கடல் காற்றில் ஒரு வருஷம் சும்மா நிற்கும் கார் இரும்புக் குப்பையாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். போவதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் கொட்டகையில் நின்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டயர் மணலில் படக் கூடாது, நான்கு பனங்கட்டைகள் மேல் காரை ஏற்றி வைக்க வேண்டும். பெட்ரோலை இறக்கித் தகரத்தில் தனியே வைக்க வேண்டும். புகைக்குழாயைத் தேங்காய்க் கதம்பை நாரால் அடைக்க வேண்டும், எலி போகாமல். மின்னும் இடமெல்லாம் கிரீஸ் தடவ வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைப் போட்டு என்ஜினைப் பத்துச் சுற்று சுற்றிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றிப் பலகை மேல் வைத்து, மாதம் ஒரு தரம் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும்.

"காரெல்லாம் சாகாது. பேட்டரிதான் சாகும்" என்றார். "அவசரம்னா நீங்களே எடுத்துக்கங்க. அதுக்குத்தான் கார்."

கொட்டகைச் சாவி சதக்கிடம். பொறுப்பு என்னிடம்.

இரண்டு மாதம் நானே பேட்டரியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். ஆசிட் பட்டு ஒரு வேட்டி ஓட்டையானது. மூன்றாம் மாதம் மைக் செட் வீரையா தோப்புக்கு வந்தான். ஊர்களில் கரண்டு இல்லை. கல்யாணம், காதுகுத்து, கூட்டம் எதற்கும் மைக் செட் பேட்டரியில்தான் பாடும். அவனுடைய பேட்டரி ஒன்று வெடித்துவிட்டது. "முதலாளி பேட்டரியக் குடுங்க சார், மாசா மாசம் நானே ராம்நாட்டுல சார்ஜ் ஏத்திக் கொண்டாந்து வச்சிருதேன்" என்றான்.

இன்டர்மீடியட்டில் நான் பௌதிகம் படித்திருந்தேன். சும்மா கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் வெள்ளையாக உப்புப் படியும். இறக்கி ஏற்றினால் படியாது. அதைச் சதக்கிடம் விளக்கினேன்.

"முதலாளி சார்ஜ் ஏத்தத்தானே சொன்னாக. பாட்டுப் படிக்கச் சொல்லலையே" என்றார் சதக்.

"உழைச்சாத்தான் அண்ணே பேட்டரி நல்லாருக்கும்."

"எனக்கு என்ன தெரியும், நீங்க படிச்சவுக. ஆனா தம்பி, வீட்டுல பிள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு. பேட்டரி இங்கன இருக்கட்டும்."

"ரெண்டு மூணு நாள்தானே வெளிய இருக்கும்" என்றேன். சதக் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீரையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் சொல்லித்தான் கொண்டுபோனார். உண்மையில் எனக்கு மாதா மாதம் பஸ்ஸில் போக அலுப்பு. பௌதிகம் அதற்குப் பிறகு வந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ராமலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏழாம் மாதம். சேலை, தரை எல்லாம் ரத்தம். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "எங்கையில இல்ல, உடனே ராம்நாட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள். சதக் ஓடி வந்தார். இருபது நிமிஷத்தில் காரைக் கட்டையிலிருந்து இறக்கி, பெட்ரோல் ஊற்றி, கதம்பையைப் பிடுங்கிவிட்டோம். எல்லாம் முதலாளி சொன்னபடி இருந்தது. பேட்டரி நான்கு மைல் தள்ளி ஒரு காதுகுத்து வீட்டில் மூன்றாவது நாளாகப் பாடிக்கொண்டிருந்தது.

சதக் சைக்கிளில் போய் எடுத்து வந்தார். ஒன்றரை மணி நேரம். மாட்டிப் பார்த்தோம். விளக்கைப் போட்டால் கம்பி சிவக்கக்கூட இல்லை. சதக் உள்ளங்கைத் தோல் உரியும் வரை ஹேண்டிலைச் சுற்றினார். பேட்டரி செத்துக் கிடக்க, என்ஜின் பிடிக்கவில்லை. பிறகு மாட்டு வண்டி பிடித்தோம். ரெகுநாதபுரம் தாண்டியதும் என் வேட்டியைப் பிடித்திருந்த அவள் கை விலகியது.

மறுநாள் கூத்தையா வந்தார். ராமலெட்சுமியின் அண்ணன். தகப்பன் இல்லாத அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பிரேதத்தை எடுத்து முடித்து வந்ததும் ஒன்றுதான் கேட்டார்: "பேட்டரி எங்க போச்சு மாப்ள?"

"சதக் மைக் செட்டுக்குக் கொண்டுபோனாரு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து நாளும் வரவில்லை.

கூத்தையா காரியத்துக்கு மஞ்சள் பையில் உருமாத் துணியோடு வந்திருந்தார். எங்களில் பெண்டாட்டியை இழந்தவனுக்குப் பதினாறாம் நாள் மச்சினன் தலையில் உருமா கட்ட வேண்டும். அது கட்டாதவரை அவன் துக்கத்தில் இருக்கிறான். நாலு வீட்டுக்குப் போகக் கூடாது. பையைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்துவிட்டு, "அந்தப் பய கைய முறிச்சுட்டுத்தான் ஒனக்கு உருமா" என்றார். அரிவாளையும் பையிலிருந்துதான் எடுத்தார்.

சதக்கைக் கொட்டகைக்குள் இழுத்துப் போனார்கள். கார் மறுபடியும் கட்டை மேல் நின்றது. சாவுக்கு மறுநாளே சதக் அதைத் தனியாக ஜாக் வைத்து ஏற்றியிருந்தார். செத்த பேட்டரியை வீரையா வாங்கிப் போய்ச் சார்ஜ் ஏற்றி, மூன்றாம் நாள் தோப்புக் கேட்டடியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அதையும் எடுத்துப் பலகை மேல் வைத்திருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. பத்துச் சுற்று சுற்றிவிட வந்திருந்தார்.

"ஏலே, சாவி ஆருகிட்டடா இருந்துச்சு?" என்றார் கூத்தையா.

"என்கிட்டதான்."

"பேட்டரியத் தூக்கிக்கிட்டுப் போனது ஆரு?"

"நான்தான்."

சொல்லிவிட்டுச் சதக் என்னைப் பார்த்தார். உதடு கிழிந்து தாடியில் ரத்தம் வழிந்தது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"மாப்ளயப் பாத்து என்னடா மொறைக்கிற" என்று ஒரு பங்காளி அவர் கன்னத்தில் அறைந்தான்.

மிச்சமாகக் கிடந்த ஒரு பனங்கட்டையை உருட்டி வந்தார்கள். ஒருவன் சதக்கின் முதுகில் முழங்காலை ஊன்றினான். இன்னொருவன் வலது கையைக் கட்டை மேல் நீட்டிப் பிடித்தான். ஸ்டீயரிங் பிடிக்கும் கை. இருபது வருஷமாக அவர் வீட்டில் சோறு போட்ட கை. கூத்தையா அரிவாளைத் திருப்பிப் பிடித்தார், வெட்டுவாய் மேலே வரும்படி.

"வெட்டல. மொட்டையாலதான் அடிக்கேன். தங்கச்சி பேருக்கு அவ்வளவு தருமம்" என்றார்.

மணிக்கட்டுக்கு மேல் விழுந்தது. விறகு முறிகிற சத்தம். இரண்டாவது அடி விரல்கள் மேல். சதக் சத்தம் போடவில்லை. மூச்சை மட்டும் இழுத்தார், வெகு நேரம் இழுத்தார். கை கட்டை மேல் கிடந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று தோலைக் குத்தி வெளியே வந்திருந்தது. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஈ வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"போதும்ணே" என்றான் பிடித்திருந்தவன்.

"என்ன போதும்? அது கனமான சாமான்டா. ஒத்தக் கையாலயா தூக்கிக் குடுத்திருப்பான்? அடுத்த கைய வை."

இடது கையை இழுத்துக் கட்டை மேல் வைத்தார்கள்.

"நான் குடுத்தேன்" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "மச்சான், பேட்டரிய வீரையாவுக்குக் குடுக்கச் சொன்னது நான். சதக்கண்ணன் வேண்டாம்னாரு. நான் கேக்கல."

கூத்தையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிச்ச புத்தி இதுதான் மாப்ள. பொண்டாட்டியக் கொன்னவனுக்கும் பரிஞ்சுக்கிட்டு வரும். நீ போயி ஈரத்த மாத்து."

அரிவாள் உயர்ந்தது. சுவரில் ஹேண்டில் மாட்டியிருந்தது. எடுத்து அவர் முழங்காலில் அடித்தேன். முழு பலத்தோடு. அவர் மடிந்து விழுந்தபோது இன்னொரு முறை அதே இடத்தில் அடித்தேன். அதற்குள் பங்காளிகள் என் மேல் விழுந்துவிட்டார்கள். ஒருவன் என் தலையைக் காரின் மட்கார்டில் இடித்தான். மற்றவன் விலாவில் உதைத்தான். ஏதோ முறிந்தது. வாயில் ஒரு பல் தனியாக வந்தது, துப்பினேன். வலித்தது. பதினாறு நாளில் முதன்முதலாக ஏதோ ஒன்று வலித்தது.

"விடுங்கடா" என்றார் கூத்தையா.

அவர் மணலில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் நிறம். இப்போது நம்பிவிட்டார். பரிந்து பேசுகிறவன் இப்படி அடிக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

"நீயா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல?"

"தெரியல மச்சான்."

"இவன் கைய உடைக்கிறப்ப நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

கூத்தையா அரிவாளைத் தேடி எடுத்தார். இப்போது வெட்டுவாய் கீழே இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. தவழ்ந்து என் பக்கம் வந்தார். நான் நகரவில்லை.

"சண்டைய அப்புறம் வச்சுக்கங்க" என்றார் சதக். கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முறிந்த கையை மறு கையால் மடியில் தூக்கி வைத்திருந்தார். "என் விரல் கறுத்துக்கிட்டு வருது. காரக் கீழ இறக்குங்க."

யாரும் அசையவில்லை.

"ஏப்பா, காது கேக்கலையா. உதைக்கிறப்ப மட்டும் காலு நல்லா வந்துச்சு. ஆளுக்கொரு பக்கமாத் தூக்குங்க. தம்பி, நீங்க பேட்டரிய மாட்டுங்க. சிகப்பு முனை வலது பக்கம். மாத்திக் கீத்தி மாட்டிராதீக."

பங்காளிகள் இரண்டு பேரும் உழுகிறவர்கள். ஜாக் கூட இல்லாமல் தோளைக் கொடுத்துக் காரைத் தூக்கினார்கள். ஒவ்வொரு சக்கரமாகக் கட்டையை உருவினேன். கதம்பையைப் பிடுங்கினேன், பெட்ரோலை ஊற்றினேன், பேட்டரியைத் தூக்கி வந்து வைத்தேன். குனியும்போதெல்லாம் விலா குத்தியது. கூத்தையா முழங்காலைக் கட்டத் துணி கேட்டார். மஞ்சள் பையிலிருந்து உருமாவை எடுத்துக் கொடுத்தான் ஒருவன். அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். எனக்குக் கட்ட வேண்டியது அத்தோடு தீர்ந்தது.

கார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

எனக்கு ஓட்டத் தெரியாது. ஊரில் சதக் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இடது கையால் ஸ்டீயரிங் பிடித்தார். முறிந்த கை மடியில் கிடந்தது. கியர் என் பக்கத்தில். அவர் சொல்லச் சொல்ல நான் போட வேண்டும். கூத்தையாவைத் தூக்கிப் பின்சீட்டு முழுக்கக் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். அரிவாள் அவரோடு வந்தது. பங்காளிகளுக்கு இடம் இல்லை.

"கிளட்ச் மிதிச்சுட்டேன். கீழ இழுங்க."

"எவ்வளவு தூரம்?"

"அது நிக்கிற வரைக்கும். மெதுவா, அது பனங்கட்டை இல்ல."

கியர் கத்தியது. பிறகு விழுந்தது. மணல் பாதை முடிந்து கப்பி ரோடு வந்ததும் கார் அடங்கி ஓடியது. குழியில் விழுந்தபோதெல்லாம் சதக்கின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மயங்கிவிடுவார் என்று நினைக்கிறேன்.

"ஏண்ணே நீங்க சொல்லல? தம்பிதான் குடுக்கச் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா அங்கனயே ஒங்கள வெட்டியிருப்பாக. சாவு விழுந்த வீட்டுல இன்னொன்னா? நீங்களே சொல்லுவீகன்னு பாத்தேன். ஒரு அடிக்கு முன்ன சொல்லுவீக, ரெண்டு அடிக்கு முன்ன சொல்லுவீகன்னு பாத்தேன். மேல தள்ளுங்க."

தள்ளினேன்.

ரெகுநாதபுரம் தாண்டியது. வண்டியில் இரண்டரை மணி நேரம் ஆன இடம். முதலாளியின் காரில் இருக்கும் சின்னக் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. பின்னாலிருந்து கூத்தையா, "இங்கனயா?" என்றார்.

"ஆமா. அந்த உடைமுள் மரத்துக்கிட்ட."

அவர் அரிவாளின் பிடியால் என் பின்னந்தலையில் அடித்தார். பலமாக இல்லை, ஆனால் விடாமல், நான்கு, ஐந்து முறை. நான் கியரில் கை வைத்தபடி முன்னால் பார்த்தேன். சட்டைக்குள் சூடாக வழிந்தது.

"முன்னாடி ரோட்டப் பாக்க விடுங்க. மூணு பேரும் பள்ளத்துல கெடக்கப் போறோம்" என்றார் சதக். அதன் பிறகு கூத்தையா அடிக்கவில்லை. அழுதார் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "என்ன, கலவரமா?" என்றார்.

"இல்லிங்க. காரக் கட்டை மேல ஏத்தி வச்சிருந்தோம். சரிஞ்சு விழுந்துருச்சு. என் கை அடியில மாட்டிக்கிச்சு. இவுக ரெண்டு பேரும் தூக்க வந்து அடிபட்டாக" என்றார் சதக்.

"இல்லை டாக்டர். நடந்தது என்னவென்றால்" என்று நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

"தம்பி" என்றார் சதக். "ஒரு தடவ நான் வேணாம்னு சொன்னேன். நீங்க கேக்கல. இதையாவது கேளுங்க. எனக்கு அந்த ஊருல பொண்டாட்டி பிள்ளைக இருக்கு. ஒங்க மச்சான் ஊர்க்காரங்க அந்த ரோட்டுலதான் வந்து போறாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பேனா காத்திருந்தது.

"கட்டை சரிந்தது" என்றேன்.

நம்பவில்லை. எழுதிக்கொண்டார். சதக்கின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எலும்பு கூடும், இரண்டு விரல் மடங்காது, இந்தக் கையால் இனி கார் ஓட்ட முடியாது என்றார். சதக் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். வேறு யாருக்கோ சொன்னதைப் போல.

உள்ளே அவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது நானும் கூத்தையாவும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அரிவாள், அவருடைய துண்டில் சுற்றி.

"முதலாளி எப்ப வாராரு?" என்றார்.

"தை மாசம்."

"அதுவரைக்கும் காரு?"

"நான்தான் பாத்துக்கணும்."

அரிவாள் சுற்றிய துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். "அடுத்தவன் சாமான். ஒப்படைக்காம விடக் கூடாது. அந்த மனுசன் வரட்டும், காரக் கையில குடுத்துரு. அதுக்கடுத்த நாள் வாரேன்."

"சரி மச்சான்."

"ஓடிர மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் என்னை நம்பினார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கம்பவுண்டர் கதவைத் திறந்து, எலும்பை இழுத்து வைக்கப் போகிறார்கள், ஊசி போட்டிருந்தாலும் துள்ளுவார், பிடிக்க ஆள் வேண்டும் என்றார். கூத்தையா பெஞ்சைப் பிடித்து எழுந்தார். ஒற்றைக் காலில் நொண்டி என் தோளைப் பற்றினார். அந்தப் பிடியில் விலா எலும்பு உள்ளே நகர்ந்தது. இருவரும் உள்ளே போனோம்.

கூத்தையா சதக்கின் தோள்களை மேசையோடு அழுத்தினார். நான் முழங்கைக்கு மேல் பிடித்தேன். டாக்டர் மணிக்கட்டைப் பற்றி, காலை மேசையில் ஊன்றி, இழுத்தார். அரிவாள் விழுந்தபோது வராத சத்தம் அப்போது வந்தது. சதக் கத்தினார். வாப்பாவைக் கூப்பிட்டார், அல்லாவைக் கூப்பிட்டார். என் கைக்குள் அவர் கை வழுக்கியது.

"தம்பி" என்றார், கண்ணைத் திறக்காமல். "விட்டுறாதீக. இறுக்கிப் பிடிங்க."

பிடித்தேன். டாக்டர் மறுபடியும் இழுத்தார்.